பாடக்கணக்கு யார் பொறுப்பு?

தவணை முடிவிலே முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வருகின்ற நாள் பல குடும்பங்களில் விசாரணை நாளாகிவிடுகின்றது. விஞ்ஞானத்துக்கு 42, கணிதத்துக்கு 38, அவற்றின் கீழே சிவப்பு மையில், “ஒப்படைகள் சமர்ப்பிக்கப்படவில்லை” என்று ஒரு வரி. தகப்பனார் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தாயாரைப் பார்க்கின்றார். தாயார் மகனைப் பார்க்கின்றார். மகன் நிலத்தைப் பார்க்கின்றான். மறுநாட் காலையிலே தாயார் பாடசாலைக்குச் சென்று, “சேர், பிள்ளை ஒப்படை குடுக்கேல்லையெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்று முறையிடுகின்றார். ஆசிரியரோ, “அம்மா, நான் வகுப்பிலை மூண்டு தரம் சொன்னனான். வீட்டிலை நீங்கள் கொப்பியைப் பாக்கிறேல்லையோ?” என்று வினவுகின்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவருமே மனம் நொந்து பிரிகின்றனர். ஒப்படை மாத்திரம் செய்யப்படாமலே கிடக்கின்றது.

இடைநிலை வகுப்புகளிலே பயிலும் ஒரு மாணவன், தனக்கு எந்தப் பாடத்தில் என்ன வேலை தரப்பட்டது, அது எந்நாளிலே கொடுக்கப்படல் வேண்டும், எது முடிந்தது, எது நிலுவையில் உள்ளது, திருத்தப்பட்டு வந்த கொப்பியிலே எங்கே பிழை என்பவற்றை அறிந்திருத்தலையே நாம் இங்கு பாடக்கணக்கு என்கின்றோம். பாடத்தை விளங்கிக்கொள்வது ஒன்று. பாடக்கணக்கை வைத்திருப்பது பிறிதொன்று. முன்னையதிலே மிக்க திறமை வாய்ந்த பிள்ளைகள் சிலர் பின்னையதிலே இடறி விழுவதை ஆசிரியராயுள்ளோர் ஆண்டுதோறுங் காண்கின்றோம். வினாவினால் உடனே விடை கூறுவான்; கொப்பியைக் கேட்டால் வீட்டிலே இருக்கிறது என்பான். இத்தகைய பிள்ளையை மந்தன் என்பதும் பிழை. சோம்பேறி என்று தள்ளுவதும் பெரும்பாலும் பிழையே. அவனுக்குக் கணக்கு வைக்கும் வித்தை கற்பிக்கப்படவில்லை. அதனைக் கற்பிக்கவேண்டியவர் யார், எப்பொழுது அவனிடம் முழுப்பொறுப்பையும் ஒப்படைக்கவேண்டும் என்பதே கேள்வி.

இக்கேள்வி ஏன் ஆறாந் தரத்துக்குப் பின்பே எழுகின்றது என்பதை முதலில் நோக்குவோம். ஆரம்ப வகுப்புகளிலே ஒரு வகுப்புக்குப் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே தாய்போல் நின்று பாடங்களிற் பலவற்றையுங் கற்பிக்கின்றார். இன்று எவ்வளவு வேலை கொடுத்தோம் என்பது அவருக்கு முழுமையாகத் தெரியும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து பிள்ளை ஆறாந் தரத்திற் காலடி வைத்தவுடன் இந்த ஏற்பாடு ஒரே நாளிலே மறைந்துவிடுகின்றது. பல பாடவேளைகள். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆசிரியர். கணித ஆசிரியருக்குத் தாம் தந்த பயிற்சி தெரியும். வரலாற்று ஆசிரியர் அதே மாலைக்கு நான்கு வினாக்கள் கொடுத்தது தெரியாது. க.பொ.த. சாதாரண தரத்துக்கு வரும்போது ஆறு கட்டாயப் பாடங்களும் மூன்று தொகுதிப் பாடங்களுமாக ஒன்பது பாடங்கள், ஒன்பது ஆசிரியர்கள். இத்தனை பேரும் கொடுப்பவற்றின் மொத்தத்தை அறிந்த ஒரே மனிதன் மாணவனே. வயதிலே மிக இளையவனும், அநுபவத்திலே மிகக் குறைந்தவனுமான ஒருவனிடமே முழுக் கணக்கும் விழுகின்றது. இந்த மாற்றம் நிகழும் வேளையில் அவனுக்கு வயது பத்து அல்லது பதினொன்று.

பழைய காலத்திலே இந்தச் சங்கடம் இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே உபாத்தியாயர் ஒருவர். பாடம் அங்கேயே சொல்லப்பட்டு அங்கேயே ஒப்புவிக்கப்பட்டது. யார் எதுவரை படித்தான் என்பதைச் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொண்டான். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் அம்முறையைச் சென்னப்பட்டினத்திலே கண்ட அந்திரு பெல் என்னும் பாதிரியார், தமது அநாதை விடுதிப் பாடசாலையிலே அதனைக் கைக்கொண்டு, 1797 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் அதைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் அது ‘சென்னை முறை’ என்ற பெயருடன் மேனாட்டுப் பாடசாலைகளிலே பரவிற்று. நம்மவர் திண்ணையிலிருந்து சென்ற சரக்கு என்று பெருமை கொள்வதில் தவறில்லை. ஆயினும் அச்சட்டாம்பிள்ளையின் பிரம்பைப் பற்றிப் பாட்டனார்மார் சொன்ன கதைகளைக் கேட்டோர், அக்காலம் திரும்பி வரவேண்டும் என்று விரும்பமாட்டார்கள்.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே மாணாக்கர் பாடங் கேட்கும் முறைமையைக் கூறுமிடத்து ஒரு கணக்குச் சொல்கின்றார். ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் செவ்வையாக முழுவதும் ஏற்றுக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது புலமையிலே காற்பங்குதான். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. அந்தப் பங்கீடு சரியோ பிழையோ, ஒன்று தெளிவு. முக்காற்பங்கு ஆசிரியரின் வாய்க்கு அப்பாற்பட்டது என்று பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் எண்ணியிருக்கின்றனர். “நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன், எனது கடமை முடிந்தது” என்று கூறும் ஆசிரியரும், “பணங் கட்டிப் படிப்பிக்கிறேன், இன்னும் என்ன செய்வது?” என்று கூறும் பெற்றாரும் இப்பங்கீட்டைச் சற்றே சிந்தித்தல் நன்று.

பொறுப்பு மாணவனுடையதே என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் பலர். “நாங்கள் படிக்கிற காலத்திலே எங்கள் தாய் தகப்பன் கொப்பியைத் திறந்து பார்த்தார்களா?” என்று அவர்கள் கேட்கின்றனர். பார்த்திருக்கமாட்டார்கள்தான். ஆனால் அக்காலத்திலே பத்தாம் வகுப்புக்கு வராமலே படலையடியில் நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை இவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தப்பிப் பிழைத்தவர்கள்தாமே இன்று நாற்காலியிலிருந்து இவ்வாறு பேசுகின்றனர்! மேலும், திட்டமிடல், முன்கூட்டி நினைத்தல், உடனடி இன்பத்தைத் தள்ளிவைத்தல் ஆகிய தொழில்களுக்கு உரிய மூளையின் முற்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரும் முதிர்ந்துகொண்டே இருக்கின்றது என்று இன்றைய உடற்கூற்றியலார் கூறுகின்றனர். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் முப்பது வயதுக் கணக்காளரின் ஒழுங்கை எதிர்பார்த்து, அது இல்லையென்று ஏசுவதால் ஆவது ஒன்றுமில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பெரியோரே சுமக்கவேண்டுமா? இங்கேதான் இக்காலத் தாய்மாரின் கதை வருகின்றது. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொவிட் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு என்ற ஏற்பாடு அவசரத்தின் நிமித்தம் எங்கும் தோன்றிற்று. வேறு வழி அன்று இருக்கவில்லை. பயிற்சித்தாளும் வீட்டு வேலையும் தாயின் கைத்தொலைபேசிக்கு வந்தன; தாய் அவற்றைப் பிள்ளைக்குச் சொன்னாள்; எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினாள். தொற்று நீங்கிற்று, பாடசாலைகள் திறந்தன. குழுக்களிற் பல அப்படியே தங்கிவிட்டன. இன்று இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி மணி அடிக்கின்றது. “நாளைக்கு எல்லாரும் நிறப் பென்சில் கொண்டுவரவும்” என்று ஒரு செய்தி. அதன்பின் இருபது தாய்மாரின் “நன்றி சேர்”. பின்னர் ஒரு தாய், “கணிதம் எத்தனையாம் பக்கம்?” என்கின்றாள். இன்னொருத்தி பக்கத்தைப் படம் பிடித்துப் போடுகின்றாள். இத்தனையும் நடக்கும் நேரத்திலே அந்த மாணவன் நித்திரை.

இதன் விளைவு என்ன? வகுப்பிலே ஆசிரியர் வேலையைச் சொல்லும்பொழுது செவிகொடுக்கவேண்டிய அவசியமே மாணவனுக்கு இல்லாது போயிற்று. அவன் கேளாவிட்டாலும் செய்தி வீட்டுக்கு வந்துவிடும் என்பதை அவன் நன்கு அறிவான். அவனுடைய நினைவாற்றல் தாயின் கைத்தொலைபேசியிலே குடியேறிவிட்டது. “தம்பி, நாளைக்கு என்ன குடுக்கவேணும்?” என்று கேட்டால், “அம்மாவைக் கேளுங்கோ” என்று பத்தாந் தரத்துப் பையன் மறுமொழி சொல்கின்றான், அதிலே வெட்கமும் இல்லை, குறும்பும் இல்லை, உள்ளதைத்தான் உரைக்கின்றான். தாயோ சமையல், உத்தியோகம், சின்னவனின் காய்ச்சல் இவற்றுக்கிடையே ஒன்பது பாடங்களின் கணக்கையும் சுமக்கின்றாள். ஒரு செய்தி தவறினால் அவள்மீதே பழி விழுகின்றது. தகப்பன்மார் அக்குழுக்களில் மிக அரிதாகவே காணப்படுகின்றனர் என்பதையும் இடையிலே சொல்லிவைக்கின்றோம்.

பெற்றார் உதவுதல் பற்றி அமெரிக்காவிலே நடந்த ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து எரிக்கா பற்றோல், ஹரிஸ் கூப்பர், ஜோர்ஜியான் றொபின்சன் என்போர் 2008 ஆம் ஆண்டிலே ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று நமது கவனத்துக்குரியது. வீட்டு வேலையிலே பெற்றார் தலையிடும் முறைகள் பலவற்றுள், ஒழுங்குவிதிகளை வகுத்துவைத்தலே — அதாவது இன்ன நேரம் படிப்பு நேரம், இன்ன இடம் படிப்பு இடம் என்று வரையறுத்தலே — பிள்ளையின் தேர்ச்சியோடு மற்றவற்றினும் நெருங்கிய நற்றொடர்பு உடையதாகக் காணப்பட்டது. கணித பாடத்திலோ பெற்றாரின் தலையீடு கூடியவிடத்துத் தேர்ச்சி குறைந்திருந்தது. இதனைக் கண்டு பெற்றார் கணிதத்தைக் கெடுத்துவிட்டனர் என்று துணிந்துவிடலாகாது. தளர்ந்த பிள்ளைக்கே பெற்றார் கூட உதவப் போவர் என்பதும் காரணமாயிருக்கலாம். எனினும், பக்கத்திலிருந்து கணக்கைச் செய்து காட்டுவதைவிட மேசையையும் நேரத்தையும் ஒழுங்காக்கிக் கொடுப்பது எந்தத் தாயாலும், எந்தத் தகப்பனாலும், எழுத்தறியாத பாட்டியாலுங்கூட இயலுமான தொண்டு.

சரி, பாடசாலையின் பங்கு யாது? எமது தொழிலைச் சேர்ந்தோரைப் பற்றியும் ஒளிக்காமற் பேசவேண்டும். பாடவேளை முடிய மணி அடிக்கின்றது. பிள்ளைகள் கொப்பிகளை மூடுகின்றனர். ஆசிரியர் வாசலை நோக்கி நடந்தவாறே, “பயிற்சி ஐந்தை முடித்துக்கொண்டு வாருங்கள்” என்கின்றார். எந்நாளுக்கு என்பது சொல்லப்படவில்லை, பலகையிலும் எழுதப்படவில்லை. வெள்ளிக்கிழமை அவர் கேட்டால் பாதி வகுப்பு விழிக்கின்றது. சில வேளைகளில் அவர் கேட்பதுமில்லை. கேட்கப்படாத வேலையைச் செய்யாது விடுவது லாபம் என்று மாணவர் இரண்டு கிழமைக்குள் கற்றுக்கொள்கின்றனர். பிள்ளைகள் இவ்விஷயத்தில் மிகத் தேர்ந்த வியாபாரிகள். திருத்தப்படாத கொப்பியும் அத்தன்மையதே. திருத்தம் வராதவிடத்து மாணவனின் கணக்கிலே ஒரு பக்கம் எப்பொழுதும் வெறுமையாகவே கிடக்கும்.

ஆசிரியரின் இடர்ப்பாடும் பொய்யன்று. ஒரு வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பாட ஆசிரியர் ஒருவருக்கு ஐந்து வகுப்புகள் எனின் 200 கொப்பிகள். கொப்பி ஒன்றுக்கு இரண்டே நிமிடம் செலவிட்டாலும் 400 நிமிடம். ஆறு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். பாடசாலை நாளோ காலை ஏழரை மணிக்குத் தொடங்கிப் பகல் ஒன்றரைக்கு முடிகின்றது. ஆகவே கொடுத்த வேலை முழுவதையும் திருத்துதல் ஆகாத காரியம். கொடுப்பதைக் குறைத்து, கொடுத்ததைத் தவறாது கேட்டல் ஆகும். ஒரு கிழமைக்கு ஒரு வரிசைப் பிள்ளைகளின் கொப்பிகளை மாத்திரம் எடுத்துச்சென்று நன்கு பார்த்தலும் ஆகும். எந்த வரிசை என்பதை முன்கூட்டிச் சொல்லாதிருந்தாற் போதும். இவற்றினும் எளிய காரியம் ஒன்று உண்டு. வகுப்பறைச் சுவரிலே ஒரு பெரிய தாளை ஒட்டி, நாள்களையும் பாடங்களையும் கட்டமிட்டு, எந்த ஆசிரியர் எந்த வேலையைக் கொடுத்தாலும் அதிலே எழுதுமாறு மாணவத் தலைவனைப் பணித்துவிட்டால், வியாழக்கிழமைக்கு ஏற்கெனவே மூன்று ஒப்படைகள் நிற்கின்றன என்பதை நான்காவதாக வருகின்ற ஆசிரியர் தாமே கண்டுகொள்வார். இதற்கு வலயக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கை வேண்டியதில்லை. ஒரு தாளும் நான்கு குண்டூசிகளும் போதும்.

தனியார் கல்வி நிலையங்களைப் பற்றியும் சொல்லாது விடமுடியாது. சாதாரண தர வகுப்புகளிலே பயிலும் நகரப் பிள்ளை ஒருவனின் புத்தகப் பையைத் திறந்து பாருங்கள். கணிதத்துக்குப் பாடசாலைக் கொப்பி ஒன்று, ரியூசன் கொப்பி ஒன்று. சில வேளைகளிலே கிழமை இறுதி வகுப்புக்கென மூன்றாவது ஒன்று. பாடசாலையிலே அட்சரகணிதம் நடக்கின்றது. ரியூசனிலே கேத்திர கணிதம் முடிந்துவிட்டது. இரு இடத்து ஆசிரியரும் ஒருவரையொருவர் அறியார். பாடசாலை ஆசிரியர், “ரியூசனிலே படிப்பான்” என்று எண்ணுகின்றார்; ரியூசன் ஆசிரியர், “பாடசாலையிலே பயிற்சி செய்வான்” என்று எண்ணுகின்றார். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் கொட்டகையிலே யார் கொப்பி எழுதினான் என்று எவர் பார்ப்பது? பெற்றாரோ மாதக் கட்டணம் செலுத்தியவுடன் பொறுப்பும் கைமாறிவிட்டது என்று ஆறுதலடைகின்றனர். பிள்ளையை நன்கு கண்காணிக்கும் சிறு நிலையங்களும் உள. அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் இன்னொரு வகுப்பைச் சேர்க்கும்போதெல்லாம் கணக்கிலே இன்னொரு பத்தியும் சேருகின்றது என்பதைப் பெற்றார் நினைவிற் கொள்ளல் வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பை நிறுத்திவிடுதலே பேருதவியாகும்.

இனி மாணவனிடம் வருவோம். நமது ஊர்க் கடைகளிலே கடன் கொப்பி என்று ஒன்று இருந்தது. சில இடங்களிலே இன்றும் உண்டு. முதலாளி எவ்வளவு கெட்டிக்காரராயினும் அரைக் கொத்து அரிசியைத்தானும் எழுதாமற் கொடுக்கமாட்டார். நினைவிலே நிற்கும் என்று நம்பிய கடைக்காரனின் கடை நெடுநாள் நில்லாது. மாணவனுக்கும் அவ்வாறே ஒரு சிறு கொப்பி தேவை. அது சட்டைப்பையிலே அடங்குவதாயிருத்தல் நல்லது. அதிலே பாடம், வேலை, கொடுக்கவேண்டிய நாள் ஆகிய மூன்றையும் ஆசிரியர் சொன்ன அக்கணமே எழுதவேண்டும்; இடைவேளையிலே எழுதுவோம் என்று விட்டால் அது எழுதப்படுவதில்லை. முடித்தவற்றைக் கோடிட்டு வெட்டலாம். அவ்வாறு வெட்டுவதிலே ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. அதை அநுபவித்த பிள்ளை கொப்பியை இலகுவிற் கைவிடாது.

எழுதுவதோடு இன்னொன்றும் சேரவேண்டும். பீற்றர் கொல்விற்சர் என்னும் உளவியலறிஞர் 1999 ஆம் ஆண்டிலே வெளியிட்ட கட்டுரையொன்றில், “இதைச் செய்வேன்” என்று பொதுவாக உறுதி பூணுதலினும், “இன்ன நேரம் வந்தவுடன், இன்ன இடத்திலே, இதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்தல் காரியத்தை நிறைவேற்றப் பெரிதும் உதவுகின்றது என்று காட்டினார். ஆகவே, “வரலாறு படிக்கவேண்டும்” என்று எழுதுவதைவிட, “விளக்கு வைத்து, தேவாரம் பாடி முடிந்தவுடன், முன் விறாந்தையிலே வரலாறு நான்காம் வினா” என்று எழுதுதல் நன்று. 2011 ஆம் ஆண்டிலே மசிக்கம்போ, பௌமைஸ்ரர் என்னும் இருவர் நடத்திய பரிசோதனைகளிலிருந்து மற்றுமோர் உண்மை தெரியவந்தது. முடியாத வேலை மனத்திலே கிடந்து அரித்துக்கொண்டேயிருக்கும். அதற்கு ஒரு திட்டம் எழுதிவிட்டால், வேலை முடியாதிருக்கும்போதே அந்த அரிப்பு அடங்கிவிடும். பரீட்சைக் காலத்திலே நித்திரையின்றிப் புரளும் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துச் சொல்லலாம்.

பொறுப்பு கைமாறும் காலம் எது என்பதற்கு வருவோம். 1976 ஆம் ஆண்டிலே டேவிட் வூட், ஜெறோம் புரூனர், கெயில் றொஸ் ஆகிய மூவர், மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைக் கட்டிடம் கட்டுவோரின் சாரத்துக்கு ஒப்பிட்டனர். சுவர் எழும்பும்வரை சாரம் நிற்கவேண்டும். சாந்து இறுகியபின் கழற்றவேண்டும். நம்மிலே பலர் இரண்டு பிழைகளில் ஒன்றைச் செய்கின்றோம். சிலர் சாரமே கட்டாது சுவரை எழுப்பச் சொல்கின்றனர். வேறு சிலர் வீடு குடிபுகுந்த பின்னும் சாரத்தைக் கழற்ற மனமின்றி நிற்கின்றனர்.

எமது அபிப்பிராயம் இது. ஆறாம், ஏழாந் தரங்களிலே தாயோ தகப்பனோ ஒவ்வொரு மாலையும் பிள்ளையின் பக்கத்திலிருந்து அச்சிறு கொப்பியைப் பார்க்கவேண்டும். ஆனால் எழுதுவது பிள்ளையின் கையாகவே இருத்தல் வேண்டும். “இண்டைக்கு வீட்டுவேலை என்ன?” என்று கேட்டால், “ஒண்டும் இல்லை” என்ற விடைதான் வரும். “கொப்பியைக் கொண்டு வா, பிள்ளை, ரெண்டு பேரும் பாப்பம்” என்றால் வேறு விடை வரும். எட்டாந் தரத்திலே நாள்தோறும் பார்ப்பதை நிறுத்தி, ஞாயிறு மாலை ஒரு கால் மணித்தியாலம் பார்த்தாற் போதும். ஒன்பதாந் தரத்திலே, வீட்டில் மறந்துவிட்டுப் போன கொப்பியை முச்சக்கரவண்டியிலே கொண்டோடுவதைப் பெற்றார் நிறுத்திவிடவேண்டும். அந்த ஒரு நாள் ஏச்சு அப்பிள்ளைக்குத் தாங்கக்கூடியது. பதினோராந் தரத்திலே வரும் நட்டம் தாங்க முடியாதது. விழவேண்டுமாயின் விழுகின்ற உயரம் சிறிதாயுள்ள காலத்திலேயே விழட்டும். பத்தாந் தரம் முதல் கணக்கு மாணவனுடையது. பெற்றார் கேட்டால் மாத்திரம் காட்டினாற் போதும். சில தாய்மார் இதனைக் கேட்டு, “அப்ப பிள்ளை கெட்டுப் போனால்?” என்று அஞ்சுகின்றனர். உயர்தரம் சித்தியெய்தி, பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ பல்கலைக்கழக விடுதியறையொன்றிலே அப்பிள்ளை தனியே இருக்கப்போகும் நாளுக்கு இடையிலே சில ஆண்டுகளே உள்ளன. அங்கே எந்த வட்ஸ்அப் குழுவிலும் அம்மாவுக்கு இடமில்லை.

இதுகாறும் கூறியவை எல்லாம், வீட்டிலே ஒரு மேசையும், மாலையிலே ஒரு பெரியவரும் உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்துவன. அத்தகைய வீடு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தாய் மத்திய கிழக்கு நாடொன்றிலே வீட்டுப் பணிக்குச் சென்றிருக்க, பேத்தியாரோடு வாழும் பிள்ளைகள் உளர். மலையகத்திலே லயன் அறையொன்றில் ஆறு பேர் வாழுமிடத்து, இரவு விளக்கு எல்லார்க்கும் பொதுவானது. போரிலே தகப்பனை இழந்து, வன்னியிலே தாயோடு தோட்டத்தில் நின்றுவிட்டுப் பாடசாலைக்கு வந்த பிள்ளைகளை நாம் அறிவோம். இன்னுஞ் சில பிள்ளைகளுக்குக் கவனத்தை நிலைநிறுத்த முடியாத உடற்குறை பிறவியிலேயே உண்டு. மருத்துவர் பார்க்கவேண்டிய பிள்ளையைப் பிரம்பு பார்த்துவிடுவதும் நடந்திருக்கின்றது. “வீட்டிலே கவனிக்கவேண்டும்” என்று இத்தகைய பிள்ளைகளின் அறிக்கையிலே எழுதிவிடும் ஆசிரியர், அதை யாருக்கு எழுதுகின்றார்?

1945 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே கல்வி இலவசம். 1980 ஆம் ஆண்டு தொடக்கம் பாடநூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2016 ஆம் ஆண்டிலே கட்டாயக் கல்வியின் எல்லை பதினாறு வயதுவரை உயர்த்தப்பட்டது. பிள்ளையைப் பாடசாலைப் படலைக்குள்ளே கொண்டுவந்து சேர்க்கும் கருமத்தை அரசு ஓரளவுக்குச் செய்துவிட்டது. உள்ளே வந்த பிள்ளையின் கணக்கு வீட்டிலே பார்க்கப்படாதாயின், அது பாடசாலையிலேயே பார்க்கப்படல் வேண்டும். மூன்றாவது இடம் ஒன்று இல்லை. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விட்டபின், தூரத்துப் பிள்ளைகள் பேருந்துக்காக வாயிலிலே அரைமணி நேரம் காத்து நிற்கின்றனர். அந்நேரத்திலே ஒரு வகுப்பறையைப் பூட்டாது விட்டு, ஆசிரியர் ஒருவரோ உயர்தர மாணவர் இருவரோ அங்கிருந்து, அச்சிறு கொப்பியைத் திறந்து, “தம்பி, நாளைக்கு எது முதல்?” என்று கேட்டு, அந்த ஒரு வேலையையாவது அங்கேயே தொடக்கிவைத்து அனுப்பலாம். பேருந்து வந்ததும் பிள்ளை ஓடிவிடும். மிகுதியை வீட்டு விளக்கு எரிகின்ற அளவுக்கு அது பார்த்துக்கொள்ளும்.